அண்ணா கொண்டுவந்த மருந்துப் போத்தல்

அண்ணாவின் பெட்டியை நடு ஹோலில் வைத்துத் திறந்தபோது முதலில் ஒடியல் மா வந்தது. பிறகு பனங்கட்டி, மிளகாய்த்தூள், வடகம், என் மனைவிக்கு இரண்டு சேலை, எனக்கு ஒரு வேட்டி. எல்லாவற்றுக்கும் அடியில், துவாயில் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் பை மூன்று போட்டு, நைலோன் கயிற்றால் வரிந்து கட்டிய ஒன்றை எடுத்து, கைக்குழந்தையைத் தருவது போல என் மடியில் வைத்தார். அவிழ்த்துப் பார்த்தேன். பூச்சி மருந்து. அரை லீற்றர் போத்தல். மூடியைச் சுற்றி மெழுகுதிரி உருக்கி ஊற்றியிருந்தார்.

“உன்ரை கோவாவுக்கு,” என்றார்.

பிழை என்னுடையது. நோர்வேயில், புருசெத்தில் எங்கள் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் நகரசபை வாடகைக்கு விடுகிற தோட்டத் துண்டுகளில் ஒன்று எனக்கு இருக்கிறது. நாலு பாய் விரித்தால் இடம் முடிந்துவிடும். போன வருசம் அதில் நட்ட பத்து முட்டைக்கோவாவின் இலைகளையும் புழு சல்லடையாக்கிவிட்டது. அதை வீடியோவில் அண்ணாவுக்குக் காட்டி, சீதனக் காணியைப் பறிகொடுத்தவன் மாதிரி மூக்கால் அழுதிருந்தேன். சும்மா கதைக்கு ஏதாவது வேண்டுமே என்று அழுததுதான். அண்ணா அதை மனதில் வைத்திருந்து, முதல் தடவை நோர்வேக்கு வரும்போது, தம்பியின் குறையைத் தீர்க்க மருந்தோடு வந்துவிட்டார். வழியில் எவர் கண்ணிலும் படாமல் அது எப்படி வந்து சேர்ந்தது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

எங்கள் துண்டுகளில் எந்த மருந்தும் அடிக்கக்கூடாது என்பது சட்டம் என்றேன். அண்ணா சிரித்தார். சட்டம் எழுதினவனுக்குக் கோவா வைத்துப் பழக்கமில்லை என்றார். எங்கள் ஊரிலும் ஒரு காலம் கனக்கச் சட்டம் இருந்தது, புழுவுக்கு அது ஒன்றும் விளங்கவில்லை என்றார். நான் போத்தலைக் கொண்டுபோய் பல்கனி அலுமாரியில், பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஒளித்ததை அவர் பார்த்துக்கொண்டு இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஊரில் எங்களுடையது வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்கிற குடும்பம். வெங்காயம், மிளகாய், புகையிலை, இடையில் கோவா. கூலிக்கு ஆள் பிடிக்க வசதியில்லை. வீட்டில் இருக்கிறவர்கள்தான் ஆட்கள். ஐயா இறைப்பார், அம்மா புல்லுப் பிடுங்குவா, அண்ணா மருந்தடிப்பார், நான் படிப்பேன். இந்தப் பங்கீடு எப்படி வந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

எனக்குப் பதினைந்து வயதில் ஒருநாள் அண்ணாவுக்குக் காய்ச்சல். மருந்துத் தாங்கியை என் முதுகில் ஏற்றிவிட்டார்கள். அதன் அடியில் சின்ன ஒழுக்கு இருந்தது. அது முள்ளந்தண்டு வழியாக இறங்கிக் காற்சட்டையை நனைத்தது. குளிர்ச்சியாக இருக்கிறதே என்று சந்தோசப்பட்ட முட்டாள் நான். பாதித் தோட்டம் முடியமுன் கண் மங்கிவிட்டது. வாயில் எச்சில் ஊறி ஊறி வழிந்தது. வரம்பில் குந்தியிருந்து சத்தி எடுத்தேன். காய்ச்சலோடு ஓடிவந்த அண்ணா என்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடியில் கிடத்தி வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். அன்று பின்னேரம் ஐயாவிடம் போய், “இவனை விடுங்கோ. நான் அடிக்கிறன்,” என்றார். அவருக்கு அப்போது இருபது வயது. அதற்குப் பிறகு நான் தோட்டத்துக்குப் போனதெல்லாம் தேத்தண்ணி கொண்டுபோகத்தான்.

அண்ணா மருந்தடிக்கிற அழகே தனி. வெறுங்கால், மடித்துக் கட்டிய சாரம், ஒரு பழைய சேட்டு. வாளியில் மருந்தை ஊற்றி முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்குவார். தடியால் கலக்கினால் சரியாகக் கரையாதாம். தெளிக்கிற முனை அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதி எடுத்துவிட்டுத் துப்புவார். இரவு சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிடுவார். தலையிடி, கண்ணெரிவு. அம்மா தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுப்பா. வெக்கை பிடித்துவிட்டது என்று எல்லாரும் சொல்வோம். அந்த வெக்கை மருந்தடிக்கிற நாளில் மட்டும் ஏன் பிடிக்கிறது என்று ஒருவரும் யோசித்ததில்லை. வீட்டில் படிப்பவன் என்று பெயரெடுத்த நானும் யோசிக்கவில்லை.

அவர் வந்து ஒரு கிழமை இருக்கும். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டடம் பார்க்கிற வேலை செய்கிறேன்: உடைந்த கதவு, அடைத்த குழாய், எரியாத பல்ப் எல்லாம் என் ராச்சியம். வேலை முடிந்து நாலு மணிக்கு வந்தால் வீட்டில் அண்ணா இல்லை. பல்கனி அலுமாரி திறந்து கிடந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தோட்டத் துண்டுக்கு ஓடினேன்.

நான் நினைத்தது சரி. கோவாப் பாத்திக்குப் பக்கத்தில் அண்ணா குந்தியிருந்தார். முன்னால் என்னுடைய பழைய பெயின்ற் வாளி. உள்ளே பால் போல வெள்ளைத் தண்ணீர், அதற்குள் முழங்கை வரைக்கும் அண்ணாவின் கை. பக்கத்துத் துண்டுக்கார நோர்வீஜியப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, வாளிக்குள் என்ன உரம் என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணா அவளுக்கு ஒரு கை நிறையக் கீரை பிடுங்கிக் கொடுத்திருந்தார், என் கீரைதான். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, ஆனால் நல்ல சிநேகம் ஆகிவிட்டார்கள்.

நல்லகாலம், இன்னும் ஒரு சொட்டும் தெளிக்கவில்லை. கையை எடுங்கள் என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அண்ணாவைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் திகைத்துப்போய்க் கையை எடுத்தார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சவர்க்காரம் போட்டு அவருடைய கையை நானே தேய்த்துக் கழுவினேன். கழுவக் கழுவ அவர் கூச்சத்தில் நெளிந்தார். பிறகு வாளியை இறுக்கி மூடிக் காரின் பின்பெட்டியில் வைத்து, பக்கத்தில் போத்தலையும் வைத்து, ஆபத்தான கழிவுகள் எடுக்கிற இடத்துக்கு வெளிக்கிட்டோம். மாப்பிள்ளை ஊர்வலம் போகிற வேகத்தில் ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்காரன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான்.

வாளி மூடியால் கசிந்த நாற்றம் காருக்குள் நிறைந்துவிட்டது. ஊரில் அந்த ஒரு நாளில் என் மூக்கில் ஏறியது அப்படியே இருந்தது. நாலு கண்ணாடியையும் இறக்கினேன். எனக்குத் தலை இடிக்கத் தொடங்கியது. குளிருகிறது, கண்ணாடியை ஏற்று என்றார் அண்ணா. இந்த நாற்றத்தில் எப்படி ஏற்றுவது என்று கேட்டேன்.

“என்ன நாத்தம்? எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே.”

பகிடி என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தில் பகிடி இல்லை.

கழிவு எடுக்கிற இடத்தில் ஒரு இளம்பெண் வேலையில் இருந்தாள். என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். உள்ளே போனவள் திரும்பி வரும்போது முழங்கை வரைக்கும் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மூடி, காலுக்கு றபர் பூட்ஸ். இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்து ஒரு பெட்டிக்குள் இறக்கினாள். பிறகு வாளியை இன்னொரு பெட்டிக்குள் வைத்தாள். பத்திரமாக வீட்டுக்குப் போங்கள் என்றாள். அண்ணா அவளை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். காரில் ஏறின பிறகுதான் வாய் திறந்தார். ஒரு போத்தலுக்கு இவ்வளவு சோடனையா, இந்தச் சோடனையோடு எங்கள் வெயிலில் ஒரு பாத்தி அடித்தால் ஆள் அவிந்துபோவான் என்றார். சொன்னது சரிதான்.

அன்று மாலை தேத்தண்ணி குடிக்கும்போது பார்த்தேன். அவருடைய இடது கையில் தட்டு இலேசாகக் கிலுங்கியது. வந்த நாள் தொடக்கம் கிலுங்கித்தான் இருக்கவேண்டும். பயணக் களைப்பு என்று நினைத்து விட்டிருந்தேன். மனைவி கத்தரிக்காய்க் குழம்பை அடுப்பில் மறந்து அடிப்பிடிக்க விட்ட அன்று, அடுப்படி மேசையிலேயே இருந்த அண்ணா ஒன்றும் தெரியாமல் பத்திரிகை வாசித்துக்கொண்டு இருந்தாரே, அதுவும் நினைவு வந்தது. எத்தனை வருசமாக மணம் தெரியவில்லை என்று கேட்டேன். கணக்கு வைக்கவில்லை என்றார். முதலில் பூ மணம் போனதாம், பிறகு கருவாட்டு மணமும் போனதாம். கருவாடு போனதில்தான் கொஞ்சம் கவலையாம்.

என் மகள் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் இருக்கிறாள். அவளிடம் சொன்னதும் அவள் என்னைத்தான் ஏசினாள். கைநடுக்கத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கிழமை சும்மா இருந்தீர்களா, பெரியப்பாவை உடனே ஒரு லேகேயிடம் காட்டுங்கள் என்றாள். டொக்டரை எங்கள் பிள்ளைகள் தமிழ் கதைக்கும்போதும் லேகே என்றுதான் சொல்வார்கள். அவளே தனியார் மருத்துவர் ஒருவரைத் தேடி நாள் குறித்தாள்.

அண்ணா வரமாட்டேன் என்றார். தான் நோர்வே பார்க்க வந்தவராம், நோர்வேக்குத் தன்னைக் காட்ட வரவில்லையாம். இன்னும் ஐந்து கிழமையில் பயணம், போனதும் வெங்காய நடுகை, அதற்கு முன் மருந்துத் தாங்கிக்குப் புது வார் போடவேண்டும் என்று அடுக்கினார். அந்தத் தாங்கியைப் பற்றி அவர் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. இவர் போய் இறங்கி, அந்த நடுங்குகிற கையோடு மறுபடியும் அதை முதுகில் ஏற்றுவார். நாற்பது வருசத்துக்கு மேல் ஏற்றியவர். ஒருநாள் ஏற்றிய நான் வாந்தியெடுத்துத் தப்பினேன். அவர் அதை இறக்கவேண்டும். இந்த ஐந்து கிழமைக்குள் எப்படியாவது இறக்கச் செய்யவேண்டும். எனக்கு வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

கடைசியில் ஒரு பொய் சொன்னேன். ஊருக்குத் திரும்பிப் போக டொக்டர் துண்டு வேண்டும், இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றேன். அண்ணா கடுதாசிகளுக்குப் பயந்தவர். உடனே சேட்டுப் போட்டார்.

டொக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். நான் மொழிபெயர்த்தேன். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வேகமாகத் தட்டச் சொன்னாள். வலது கை தட்டியது. இடது கை நாலு தட்டோடு களைத்துவிட்டது. அறைக்கு வெளியே நடைகூடத்தில் நடந்துபோய்த் திரும்பி வரச் சொன்னாள். பொம்பிளை பார்க்க வந்த வீட்டில் நடத்திக் காட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அண்ணா தமிழில் சொல்லிக்கொண்டு நடந்தார். அதையும் மொழிபெயர்த்தேன். அவள் சிரித்தாள். ஆனால் அவருடைய இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு போனதைக் கவனித்து எழுதினாள்.

என்ன வேலை என்று கேட்டாள். தோட்டம் என்றார். என்ன அடிப்பீர்கள், எப்படி அடிப்பீர்கள் என்று கேட்டாள். நான் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, வெறுங்கையால் கலக்கியதையும் வாயால் ஊதியதையும் சொன்னேன். அவள் முகம் சுளிக்கவில்லை. தானும் தோட்டக்காரரின் மகள்தான் என்றாள். ஏரிக்கரையில் உருளைக்கிழங்குத் தோட்டம். தன் தகப்பனும் அந்தக் காலத்தில் கூரையில்லாத உழவு இயந்திரத்தில் இருந்து, கை மடித்த சேட்டோடுதான் மருந்தடித்தவர். அவருக்கும் பிற்காலத்தில் கை நடுங்கியது. அண்ணாவுக்கு இதைச் சொன்னதும் எழும்பி அவளுக்குக் கை கொடுத்தார். ஒரு தோட்டக்காரி கிடைத்துவிட்ட சந்தோசம்.

அவள் மறைக்காமல் பேசினாள். இது நரம்பில் வருகிற ஒரு வருத்தத்தின் தொடக்கமாக இருக்கலாம்; மணம் போவதும் அதோடு சேர்ந்து வரும். ஊருக்குப் போனதும் நரம்பு வைத்தியரைப் பார்க்கவேண்டும். இப்படியான நஞ்சில் நீண்டகாலம் பழகினவர்களுக்கு அது கூடுதலாக வருகிறது, ஆனால் இந்த ஒரு மனிதருக்கு அதனால்தான் வந்தது என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது. இனித் தொடாமல் விடுவதுதான் நல்லது.

அண்ணா தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “எனக்கு அறுபத்திமூண்டு. வாறது வந்திட்டுது. இனி நிப்பாட்டி என்ன?”

நான் அதை அப்படியே சொன்னேன். டொக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, மருந்தடித்த உடுப்புகளை யார் தோய்த்தது என்று கேட்டாள். தன் வீட்டில் தகப்பனின் மேலங்கியை அம்மாதான் தோய்ப்பாவாம்.

நான் கேட்டேன். “ஆர், அவதான்,” என்று சட்டென்று சொன்ன அண்ணா அதோடு நின்றுவிட்டார்.

அண்ணியைப் பற்றி நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அண்ணாவுக்கும் அன்றுவரை தோன்றியிருக்காது. முப்பத்தைந்து வருசமாக அவருக்குச் சமைத்து, அவருடைய சாரத்தையும் சேட்டையும் தோய்த்துக்கொண்டு இருக்கிற மனிசி. அண்ணா மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினார். மருந்தடித்து வந்து கழற்றிப் போடுகிற உடுப்பை அண்ணி சவர்க்காரத் தண்ணியில் ஊறவைப்பா. வெறுங்கையால் கும்மி, கிணற்றடிக் கல்லில் அடித்து, பிழிந்து, அந்தக் கையோடு போய் அரிசி போடுவா. அந்த நாட்களில் அவவும் தலையிடி என்று நெற்றியில் துணி கட்டிக்கொண்டு படுப்பா.

“நான் பேசுவன்,” என்றார். “மருந்தடிச்சது நான், உனக்கென்ன வந்தது எண்டு பேசுவன்.”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. டொக்டருக்கு விளங்கியிருக்க வேண்டும். அவளும் கேட்கவில்லை.

வெளியே வந்து ரி-பானே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்தோம். மழை பெய்து விட்டிருந்தது. வாங்கு ஈரம் என்பதைக்கூட அண்ணா கவனிக்கவில்லை. என் போனை வாங்கி வீடியோவில் ஊருக்கு எடுத்தார். அண்ணியின் பாதி முகமும் முகட்டு ஓடும் தெரிந்தன. வழக்கமாகச் சாப்பிட்டாச்சா, ஆட்டுக்குக் குழை போட்டாச்சா என்று தொடங்குகிறவர், அன்று அடுப்படிக்குப் போய்க் கோப்பித்தூள் பேணியைத் திறந்து மணந்து பார் என்றார். நோர்வேக் குளிரில் மனுசனுக்கு என்னவும் ஆகிவிட்டதோ என்று அண்ணி என்னைக் கூப்பிட்டுக் கேட்டா. அண்ணா விடவில்லை. மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

“மணக்குதோ?”

அண்ணி பேணியைத் திரும்ப மூடினா.

“அது எனக்குக் கனகாலமா இல்லை,” என்றா. வயது போனால் எல்லாருக்கும் அப்படித்தானாக்கும் என்று இருந்துவிட்டாவாம். குழம்பு கொதிக்கிற நிறத்தைப் பார்த்து இறக்குவாவாம்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே.”

மணம் இல்லாத இரண்டு பேர், ஒருவர் ஒருவரிடம் சொல்லாமல், ஒரே மேசையில் இத்தனை வருசம் சாப்பிட்டிருக்கிறார்கள். அண்ணியினது எதனால் போனது என்று எவராலும் அறுதியாகச் சொல்ல முடியாது. அந்த டொக்டரும் சொல்லியிருக்க மாட்டாள். அண்ணாவுக்கு ஆதாரம் ஒன்றும் தேவைப்படவில்லை. சேட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார். பிறகு, நாளைக்கு எந்தப் பாத்திக்கு இறைப்பது என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்:

“இந்தமுறை வெங்காயம் வேண்டாம். மரவள்ளி போடுவம். அதுக்கு ஒண்டும் அடிக்கத் தேவையில்லை.”

அவ்வளவு மரவள்ளியையும் ஆர் வாங்குவது என்று அண்ணி கேட்டா. ஒருவரும் வாங்காவிட்டால் நாங்களே அவித்துத் தின்போம் என்றார். கொட்டிலில் தொங்குகிற உடுப்பைத் தொடவேண்டாம், தாங்கியைக் கேட்டு ஆரும் வந்தால் இல்லை என்று சொல்லு, மிச்சம் வந்து பார்க்கிறேன் என்றார். அண்ணி ஓம் ஓம் என்றா. நம்பினாவோ தெரியாது.

போனை என்னிடம் தந்துவிட்டு அண்ணா நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிதாக மூச்சை இழுத்தார்.

“இப்ப இஞ்சை என்ன மணக்குது?”

சொன்னேன். நகரசபைக்காரர் புல்லு வெட்டியிருக்கிறார்கள், மழையில் நனைந்த அந்தப் பச்சை மணம். கீழே கடையில் வெங்காயம் வதக்குகிறார்கள். உங்கள் சேட்டில் எங்கள் வீட்டுச் சவர்க்காரம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். இன்னும் என்ன என்று கேட்டார். என் பதினைந்து வயதில் அவர் ஐயாவிடம் போய் நின்று கேட்டு வாங்கித் தந்த மூக்கு இது. அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், பக்கத்தில் யாரோ கோப்பி குடிக்கிறார்கள் அண்ணா என்றேன்.